இடம் ஒதுக்கலின் வரலாறு: தலைமன்னார்த் துறையும் கணினி நினைவகமும்

வெவ்வேறு வேகத்தில் இயங்கும் இரு ஊர்திகள் சந்திக்குமிடத்தில், காத்திருப்பதற்கென ஓர் இடம் இன்றியமையாதது. 1914 ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபோது, புகையிரதப் பாதையும் தலைமன்னார் இறங்குதுறைவரை அமைந்தது. புகையிரதம் ஒரே வேளையில் கொணர்ந்த பயணிகளை, அவர்கள் கப்பலேறும்வரை அத்துறை தாங்கிற்று. ஒரு கூட்டம் சென்றதும் அதே இடம் அடுத்த கூட்டத்துக்குப் பயன்பட்டது.

கணினியியலில் இதனையொத்த இடத்தை இடையகம் என்பர். வட்டிலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ வரும் தரவினை, நிரல் அதனைக் கையாளும்வரை தாங்கும் நினைவகப் பகுதியே அது. அதற்கு எவ்வளவு இடத்தை முன்கூட்டியே ஒதுக்குவது என்ற வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளை மூன்று நிலைகளாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, மாறாத அளவு. 1988 நவம்பரில் இணையத்திற் பரவிய மொரிஸ் புழு இதன் குறையை உலகறியச் செய்தது. யுனிக்ஸ் கணினிகளின் ஃபிங்கர் சேவையில் 512 பைட் கொண்ட இடையகமொன்று இருந்தது. உள்வரும் தரவின் நீளத்தை அந்நிரல் சோதிக்கவில்லை. மிகுந்த தரவு அயலிலிருந்த நினைவகத்தின்மேல் எழுதப்பட்டது. அவ்வழியே புழு உட்புகுந்தது. இடத்தை ஒதுக்குவதோடு அதன் எல்லையையும் காத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, தேவைக்கேற்ப வளர்தல். இடையகம் நிரம்பியதும் பெரியதோர் இடத்தைப் பெற்று, பழைய தரவினை அங்கு படியெடுப்பது இம்முறை. எவ்வளவு பெரியது என்பதிலேயே சிக்கல் உளது. 10 உருப்படிகளுக்கான இடத்தோடு தொடங்கி, ஒவ்வொரு முறையும் மேலும் பத்துக்கு மட்டும் இடம் சேர்த்து 1000 உருப்படிகளை எய்த, 49,500 படியெடுப்புகள் தேவை. ஒவ்வொரு முறையும் இருமடங்காக்கினால் 1,270 போதும். இவ்வாறு எப்போதாவது நேரும் பெருஞ்செலவைப் பல செயல்களின்மீது பகிர்ந்து கணிக்கும் முறையினை 1985 இல் ரொபர்ட் டார்ஜன் தம் கட்டுரையொன்றில் முறைப்படுத்தினார். ஜாவா மொழியின் அரேலிஸ்ட் ஒன்றரை மடங்காக வளர்கிறது. குனூ சி++ நூலகத்தின் வெக்டர் இருமடங்காகிறது. வரவிருக்கும் அளவு முன்பே தெரியுமாயின், அதனை முதலிலேயே ஒதுக்கிவிடின் படியெடுத்தலே வேண்டியதில்லை.

மூன்றாவது, விடுவித்தல். ஒரு நாள் வந்த பெருந்தரவுக்காக வீங்கிய இடையகம், பின் சிறு தரவுக்கே பயன்படினும் அப்பேரிடத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். ஆதலால் கோ மொழியின் அச்சிடும் நூலகம், 64 கிலோபைட்டைக் கடந்த இடையகத்தை மறுபயன்பாட்டுச் சேமத்திற் சேர்ப்பதில்லை, அதனைக் கைவிட்டுவிடுகிறது.

நினைவகத்தில் எளிதாகக் கைகூடும் இவ்விடுவிப்பு நிலத்தில் அவ்வாறு கைகூடுவதில்லை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்ற கப்பற் சேவையும் 1980 களில் நின்றது. 1990 இல் புகையிரதமும் ஓய்ந்தது. 2015 இல் புகையிரதம் மீண்டும் இறங்குதுறையை அடைந்தபோது அதனை எதிர்கொள்ளக் கப்பல் இருக்கவில்லை. இடம் ஒதுக்குதல் எதிர்காலம் பற்றிய ஊகமேயாகும். அவ்வூகம் பிழைக்குமிடத்து நிரல் இழப்பது சில கிலோபைட்டுகளை. தலைமன்னார் இழந்ததோ அக்கரையோடு கொண்டிருந்த நாளாந்த உறவினை.