மின்வாகனமும் மலையோரத்தார் சந்தேகமும்

மோட்டார் வாகனங்களில் ஈடுபாடு மிகுந்தவர்கள் மின்வாகனத்தைச் சந்தேகக் கண்ணுடன் நோக்குவதை, பழகிய இயந்திரத்தின் ஓசையிலும் டீசல் வாசனையிலும் மனம் பறிகொடுத்தோரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது இன்று கற்றோரிடையே வழக்கமாகியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலை ஒட்டிய வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதிகளிலும், இடுக்கியின் கிழக்கு விளிம்பில் உள்ள மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, குமுளிப் பகுதிகளிலும் தமிழ் பேசி வாழ்வோரிடையே அச்சந்தேகம் வழங்கும் முறையைக் கூர்ந்து கவனித்தால், அது பல வேறு வாதங்களின் கூட்டு என்பதும், அவற்றுள் சில பௌதிக சாஸ்திரத்தின் சோதனைக்கு நில்லாதவை என்பதும், ஒன்று மட்டும் அரசாங்கமும் உற்பத்தியாளரும் பதில் கூறியே தீரவேண்டிய நியாயமான வழக்கு என்பதும் புலனாகும். வாகனத்தைப் பழுதுபார்க்கும் அறிவு இனி யார் வசம் இருக்கும் என்பதே அவ்வழக்கு.

இப்பிரதேசத்தில் வாகனப் பிரியம் செல்வர்களின் பொழுதுபோக்காக வளரவில்லை. தேவையிலிருந்து பிறந்து, தேர்ச்சியாக முதிர்ந்து, அதன் பின்னரே பிரியமாயிற்று. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மஹிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வருவித்துப் பூட்டத் தொடங்கியது முதல், அதன் வழித்தோன்றல்களான மேஜர், கமாண்டர் முதலிய வண்டிகளே ஏலத்தோட்டத்துக் கற்பாதைகளின் வாகனங்களாக இருந்து வந்திருக்கின்றன. போடி, கம்பம், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து விடியுமுன் பெண் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வாயில்கள் வழியாக இடுக்கித் தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளை அறியாதவர், இம்மலையின் பொருளாதாரத்தையே அறியாதவர். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அதற்கு வண்டியில் செல்லக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்தே பாதை உண்டு. உருண்ட பாறைகள் நிறைந்த அப்பாதையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநரின் சாமர்த்தியம், கிளட்சைப் பாதி மிதித்த நிலையில் நிறுத்தவும், இஞ்சின் திணறும் ஓசையைக் கேட்டே கியர் மாற்றவும் கற்ற ஒருவகை வித்தை.

பாலக்காட்டுப் பக்கத்திலோ இப்பிரியத்துக்குக் கோயம்புத்தூரின் சாயல் உண்டு. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920-இல் பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்துக் கட்டியவரும் செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்துக்குப் பெயர் தந்தவருமான கரிவரதன், 2005-இல் ஃபார்முலா ஒன் போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஆகியோரைத் தந்த நகரம் எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கையில், கணவாய்க்கு இப்புறத்து இளைஞர் இஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் ஆசை கொண்டவராய் வளர்ந்ததில் வியப்பில்லை.

இனி, இவர்கள் கூறும் முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம்: மின்வாகனம் மலையேறாது, ஏறினாலும் பாதி வழியில் பேட்டரி தீர்ந்து நின்றுவிடும் என்பது அது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரம், 17 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை அவ்வுயரத்துக்குத் தூக்குவதற்குப் பௌதிக நியமப்படி வேண்டிய சக்தி 5.4 யூனிட், சாலையின் உராய்வையும் மோட்டாரில் நேரும் இழப்பையும் கூட்டினால் ஒன்பது யூனிட் அளவில் நிற்கும். இன்று சந்தையில் உள்ள நடுத்தரக் கார் ஒன்றின் பேட்டரி 40 யூனிட் கொள்ளுமாயின், அவ்வேற்றம் முழுவதும் அதன் கால்பங்கைக்கூட எடுத்துக்கொள்வதில்லை. மேலும், டீசல் இஞ்சின் குறிப்பிட்ட வேகத்தில் சுழன்றால்தான் தன் முழு இழுவிசையைக் காட்டும்; மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே அதனைத் தரவல்லது. ஏற்றத்தில் நின்றுபோன வண்டியைப் பின்னே நழுவாமல் கிளப்புவதற்கு ஓட்டுநர் ஆண்டுக்கணக்கில் பயின்ற வித்தை மின்வாகனத்தில் தேவைப்படாமலே போகிறது. இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பிழக்கும் அபாயமும் குறைகிறது. ஏனெனில் அங்கே மோட்டாரே மின்னாக்கியாக மாறி வண்டியைத் தடுத்து, செலவான சக்தியில் இரண்டு மூன்று யூனிட்டைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. மூணாற்றில் பேட்டரியை முழுதும் நிரப்பிக்கொண்டு உடனே இறங்கத் தொடங்குபவருக்கு மட்டும் இந்த உதவி கிட்டாது. நிறைந்த பேட்டரி மேலும் ஏற்காது.

ஆகவே பலத்தைப் பற்றிய வாதம் தோற்றுவிடுகிறது. இதனை வாகனப் பிரியர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இயந்திரத்தை நேசிப்பதாகச் சொல்பவர் அதன் கணக்கை மறுப்பது முறையாகாது. கொழுக்குமலை போன்ற பாறைப் பாதைகளைப் பொறுத்தவரை அவர்கள் கூற்றில் உண்மை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். இந்தியாவில் சாதாரண மக்கள் வாங்கத்தக்க விலையில் விற்கும் மின்கார்களில் பெரும்பாலானவை இரு சக்கரங்களால் மட்டுமே இயங்குபவை. விலையுயர்ந்த பேட்டரியோ தரைக்கு மிக அருகே, அடித்தளத்தில் கிடக்கிறது. அது வடிவமைப்பின் குறையே, மின்சாரத்தின் குறையாகாது.

வெப்பத்தைப் பற்றிய அச்சம் பாலக்காட்டுக்கே உரியது. 2024 ஏப்ரலில் அம்மாவட்டத்தில் வெப்பம் 41 பாகையைத் தாண்டி, வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. லித்தியம் பேட்டரி கடும் வெப்பத்தில் விரைவாக மூப்படையும் என்பது ரசாயன உண்மை. இரும்பு பாஸ்பேட் வகையும், திரவத்தால் குளிர்விக்கும் முறையும் அதனை மட்டுப்படுத்துகின்றன. இவ்வசதியின்றிக் குறைந்த விலையில் விற்கப்படும் வண்டிகளைப் பற்றிச் சித்தூர்க்காரர் தயங்குவாராயின், அது தக்க தயக்கமே.

மின்னேற்றம் செய்யும் இடத்தைப் பற்றிய வாதம் இன்னும் ஆழமானது. பட்டணத்து எழுத்தாளர்கள் இதனைக் கவனிப்பதே இல்லை. கேரள அரசு 2019-இல் தன் மின்வாகனக் கொள்கையை வெளியிட்டு, 2022-க்குள் பத்து லட்சம் மின்வாகனங்கள் என்ற இலக்கை வகுத்தபோது, வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி இரவில் மின்னேற்றும் ஒரு குடும்பமே கொள்கை வகுப்போரின் மனக்கண்ணில் இருந்திருக்க வேண்டும். மூணாற்றுத் தோட்டத் தொழிலாளி வாழ்வது கம்பெனிக்குச் சொந்தமான லயத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த ஓரறை ஈரறை வீடுகளில் சுவரும் தொழிலாளிக்குச் சொந்தமில்லை, முற்றமும் சொந்தமில்லை. கடன் வாங்கி ஜீப் வைத்திருக்கும் லயத்து இளைஞன் மின்ஜீப்புக்கு மாற விரும்பினாலும், சார்ஜரை எந்தச் சுவரில், யாருடைய அநுமதியோடு பொருத்துவான்? மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் நாட்கணக்கில் அற்றுப்போவதும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்து எழுபது பேர் மாண்டபோது, தொடர்புகள் அறுந்துபோனதால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே எட்டியது. அத்தகைய இரவுகளை அறிந்த மக்கள், கேனில் ஊற்றித் தூக்கிச் செல்லத்தக்க எரிபொருளின்மீது நம்பிக்கை வைப்பதைப் பழமைப்பற்று என்று சொல்ல எனக்கு மனம் துணியவில்லை.

மின்சாரமே எங்கிருந்தோ நிலக்கரியை எரித்து வருவதுதானே என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. 1940-இல் பள்ளிவாசலும், 1976-இல் 780 மெகாவாட் மூலமற்றம் நிலையமும் இம்மலையின் நீரிலிருந்தே மின்சாரம் எடுக்கத் தொடங்கின. ஆனால் இன்று கேரளம் தன் தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது, அதன் நெருக்கடியோ மாலையிலும் முன்னிரவிலும்தான். தொழிலாளரை விடியலில் இறக்கிவிட்டுப் பிற்பகல் வரை தோட்டத்திலேயே நிற்கும் ஜீப்பைவிட, பகலின் சூரிய மின்சாரத்தை ஏற்றிக்கொள்ளத் தகுந்த வாகனம் வேறு எது? தோட்ட முதலாளிகள் தங்கள் களத்தில் சார்ஜர் அமைத்தால், லயத்தின் சிக்கலும் மாலை நெருக்கடியும் ஒருங்கே தணியும்.

பெட்ரோலும் டீசலும் இயற்கையாய் அமைந்த ஏற்பாடு போலவும், மின்சாரம் அந்நியத் திணிப்பு போலவும் பேசுவோர் இவ்விடத்துச் சரித்திரத்தையே மறக்கின்றனர். மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902-இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளப் பாதை ஓடிற்று. 1908-இல் அது நீராவி ரயிலாக மாறியது. 1924 வெள்ளம் அதனை அடித்துச் சென்றபின் மீண்டும் எழவில்லை. அக்காலத்தில் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணிப் பக்கம் இறங்கின. மின்காரும் இங்கே புதிதன்று. இந்தியாவின் முதல் மின்கார்களுள் ஒன்றான லவ்பேர்ட், 1993-இல் டெல்லி வாகனக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. சாலக்குடியைச் சேர்ந்த எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தின் ஒத்துழைப்புடன், சாலக்குடியையும் கோயம்புத்தூரையும் களமாகக் கொண்டு உருவாக்கிய இரு இருக்கை வண்டி அது. ஈயப் பேட்டரியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய அவ்வண்டி சந்தையில் நிலைக்கவில்லை. கணவாயின் இரு முனைகளிலும் வேர்கொண்டு பிறந்த அம்முயற்சி, பெங்களூரின் ரேவா மின்காருக்கும் முந்தியது. அதனை இவ்வூர் வாகனப் பிரியர்கள் தம் மரபாகக் கொண்டாடாதது எனக்கு வருத்தமளிக்கிறது.

இப்போது பழுதுபார்த்தல் என்ற தலையாய வாதத்துக்கு வருவோம். பழைய மேஜர் ஜீப்பின் இஞ்சினை நெடுங்கண்டத்திலோ போடியிலோ ஒரு சிறு பட்டறையில் முழுதும் பிரித்துப் பூட்டிவிடலாம். அதற்குரிய பாகம் இல்லாவிட்டால் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம். கற்றுக்கொள்ள வரும் பையன் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கிச் சில ஆண்டுகளில் தானே மெக்கானிக் ஆகிவிடலாம். பள்ளிப்படிப்பை இடையில் விட்ட தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இம்மலையோரத்தில் கிடைத்த கௌரவமான தொழில்களுள் அது தலையாயது. மின்வாகனத்தில் பேட்டரி முத்திரையிட்ட பெட்டி. மென்பொருளின் சாவி கம்பெனியிடம். பழுது இன்னதென்று அறியும் கருவியும் கம்பெனியிடம். வண்டி நின்றால் லாரியில் ஏற்றி மலையிறக்கிக் கொச்சிக்கோ கோவைக்கோ மதுரைக்கோ கொண்டுசெல்லவேண்டும். வாகனத்தை நேசிப்பவர் இழப்பது ஓசையை மட்டுமே என்று எண்ணுவோர் இந்த இழப்பை நோக்குவதில்லை.

ஆயினும் குற்றத்தை மின்சாரத்தின்மேல் சுமத்துவது சரியாகாது. இந்த அடைப்பு மின்கார் வருமுன்னரே தொடங்கிவிட்டது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதினான்கு கார் நிறுவனங்களின்மேல் ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. அபராதத் தொகையைப் பற்றிய வழக்கு மேல்முறையீட்டில் நீண்டபோதிலும், அங்கே வெளிப்பட்டது பெட்ரோல், டீசல் கார்களின் கதையே. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின், டீசல் ஜீப்பும் கணிப்பொறியின்றிப் பேசாத வண்டியாயிற்று. உற்பத்தியாளர் வகுத்த அமைப்பை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய ஜீப்பை மின்ஜீப்பாக மாற்றச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அங்கீகாரம் பெற்ற தொகுதியைக் கொண்டே மாற்றவேண்டுமாதலால், ஊர்ப் பட்டறை தானே முயல்வதற்கு வழியில்லை. பாதுகாப்பை முன்னிட்ட இவ்விதிகளை நான் குறைகூறவில்லை. இவை அனைத்தும் ஒரே திசையில் பட்டறையை நெருக்குகின்றன என்பதையே சுட்டுகிறேன்.

மின்சாரம் இம்மக்களின் கைக்கு அப்பாற்பட்ட வித்தை என்று கருதுவோர், பஸ் ஓட்டிய அதே ஜி. டி. நாயுடு கோயம்புத்தூர்ப் பீளமேட்டில் 1937-இல் இந்தியாவிலேயே மின்மோட்டார் உருவாக வழிகோலியவர் என்பதை நினைவுகூர வேண்டும். அன்று முதல் பம்ப்செட் மோட்டார் இப்பிரதேசத்து விவசாயத்தின் உயிர்நாடி. கொழிஞ்சாம்பாறையிலும் பொள்ளாச்சியிலும் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் கடைகள் இன்றும் உண்டு. நிலைக்காந்தம் பொருத்திய கார் மோட்டார் பம்ப் மோட்டாரைவிட நுட்பமானது. பேட்டரியின் உயர் மின்னழுத்தம் உயிரைக் குடிக்கவல்லது. எனினும், செம்புக் கம்பியின் சுற்றையும் காந்தப் புலத்தையும் கையால் அறிந்த ஒரு தொழிலாளர் மரபு ஏற்கெனவே இங்கு உண்டு. அதற்கு வேண்டியது பயிற்சியும், கருவியும், உற்பத்தியாளர் பூட்டிவைத்திருக்கும் விவரங்களும்.

மின்மோட்டாரின் பலத்தைப் பற்றி மலையோரத்தார் கொள்ளும் சந்தேகம் தவறு; மின்வாகனத்தை விற்கும் முறையைப் பற்றி அவர்கள் கொள்ளும் சந்தேகம் சரி. பழுதுபார்க்கும் உரிமையை ஆராய மத்திய நுகர்வோர் துறை 2022-இல் அமைத்த குழுவின் எல்லைக்குள் மோட்டார் வாகனமும் சேர்க்கப்பட்டது. அந்த உரிமையைச் சட்டமாக்கி, பேட்டரியின் உட்பாகங்களைத் தனித்தனியே விற்கவும், சோதனைக் கருவியை வெளிப்பட்டறைக்கு நியாய விலையில் தரவும் உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்த வேண்டும். மலம்புழை அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலும், எல்லைக்கு அப்பால் தேனி மாவட்டத்து நிலையங்களிலும், ஜீப் மெக்கானிக்குகளுக்கும் காயில் கட்டுவோருக்கும் தமிழிலேயே உயர் மின்னழுத்தப் பயிற்சி அளிக்க இரு மாநில அரசுகளும் முன்வர வேண்டும். அதுவரை, மானியம் கொடுத்து வண்டியை மட்டும் மலையேற்றுவதை நிறுத்திவைப்பதே நேர்மை.