ஃபிளைட் 666: ஒரு மெற்றல் இசைப்படமும் அதன் ரசிகர் மதிப்பீடுகளும்

‘ஃபிளைட் 666’ என்பது பிரித்தானிய ஹெவி மெற்றல் இசைக்குழுவான அயர்ன் மெய்டன் 2008ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மேற்கொண்ட உலகச் சுற்றுப்பயணத்தைப் பதிவுசெய்த ஆவணப்படமும், அதனோடு சேர்த்து வெளியிடப்பட்ட முழுநீள மேடைநிகழ்ச்சிப் பதிவும் ஆகும். கனடாவைச் சேர்ந்த சாம் டன், ஸ்கொட் மக்ஃபேடியன் ஆகியோர் இயக்கிய இப்படம் 2009 ஏப்ரல் 21 அன்று பல நாடுகளின் திரையரங்குகளில் காட்டப்பட்டு, அடுத்த மாதம் டிவிடி, புளூ-ரே வட்டுகளாக விற்பனைக்கு வந்தது. 2010இல் கனடாவின் ஜூனோ விருதைச் சிறந்த இசை டிவிடிக்காகப் பெற்றது. ஹெவி மெற்றல் என்பது 1960களின் பிற்பகுதியில் பிரித்தானிய றொக் இசையிலிருந்து கிளைத்து, மின்கிற்றாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கிப் பெருக்கி, அதன்மேல் கனத்த ட்ரம்ஸ் அடியையும் உச்சத் தொனியில் ஏறும் குரலையும் அமைக்கும் இசைவகை ஆகும். இவ்வகையில் நேரலை மேடைநிகழ்ச்சிக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்யப்பட்ட இசைத்தொகுப்புக்கு இணையான மதிப்பு உண்டு என்பதால், மேடைநிகழ்ச்சியின் காணொளி எவ்வாறு அமைய வேண்டும் என்பது குறித்து அதன் ரசிகர்கள் ஏனைய இசைவகைகளின் ரசிகர்களைவிடக் கண்டிப்பான கருத்துகளைக் கொண்டிருக்கின்றனர். இந்தக் கருத்துகளின் அனைத்து முரண்பாடுகளும் ஒருங்கே வெளிப்பட்ட படம் என்பதாலும், தெற்காசிய ரசிகர்கள் தம்மைத் தாமே கண்டுகொண்ட படம் என்பதாலும் ‘ஃபிளைட் 666’ தனித்து நோக்கத்தக்கது.

பயணமும் பதிவும்

1975இன் இறுதியில் கிழக்கு இலண்டனில் பேஸ் கிற்றார் கலைஞர் ஸ்டீவ் ஹரிஸ் தொடங்கிய அயர்ன் மெய்டன், 2008இல் தனது 1980களின் பாடல்களையே பெரும்பாலும் இசைப்பதெனத் தீர்மானித்துச் சுற்றுப்பயணத்தை வகுத்தது. அதற்கென அமர்த்தப்பட்ட போயிங் 757 விமானத்தின் பின்பகுதி இருக்கைகள் அகற்றப்பட்டு, ஏறத்தாழ 12 தொன் எடையுள்ள மேடைக் கருவிகளை ஏற்றும் சரக்கிடமாக மாற்றப்பட்டது. குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் உரிமம் பெற்ற வணிக விமானி என்பதால், விமானத்தை அவரே ஓட்டினார். 45 நாட்களில் 23 நிகழ்ச்சிகள், ஏறத்தாழ 50,000 மைல் பறப்பு என்ற இக்கணக்கு வியப்புக்காகச் சொல்லப்படுவது மட்டுமன்று, படத்தின் உள்ளடக்கத்தையே தீர்மானித்த ஏற்பாடும் ஆகும். கருவிகளைத் தனிச் சரக்கு விமானங்களில் அனுப்பி, ஆட்களை வேறு விமானங்களில் ஏற்றும் வழக்கமான முறையில், மும்பை, சான் ஹோசே, பொகோட்டா போன்ற நகரங்கள் செலவின் காரணமாகப் பயணப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. ஆட்களும் கருவிகளும் ஒரே விமானத்தில் சென்றதால், இசைக்குழுக்கள் வழக்கமாக எட்டிப்பார்க்காத இடங்களும் பாதைக்குள் வந்தன. பயணத்தின் முதல் நிகழ்ச்சி 2008 பெப்ரவரி 1 அன்று மும்பையின் பாந்திரா-குர்லா வளாகத்திலும், இறுதி நிகழ்ச்சி மார்ச் 16 அன்று ரொறன்ரோவிலும் நடைபெற்றன.

மேடைநிகழ்ச்சி வட்டில் 16 பாடல்கள் உள்ளன. அவை 16 வெவ்வேறு நகரங்களில் படமாக்கப்பட்டவை. வின்ஸ்டன் சேர்ச்சிலின் 1940ஆம் ஆண்டு உரையின் ஒரு பகுதி ஒலித்து முடிந்ததும் தொடங்கும் ‘ஏசஸ் ஹை’ மும்பையிலும், அதையடுத்த பாடல்கள் மெல்பேர்ண், சிட்னி, டோக்கியோ ஆகிய நகரங்களிலும், பின்னர் வருபவை இலத்தீன் அமெரிக்க, வட அமெரிக்க நகரங்களிலும் பதிவானவை. நிறைவுப் பாடல் ரொறன்ரோவில் எடுக்கப்பட்டது. நிகழ்ச்சியின் பாடல் வரிசை ஏறத்தாழ அப்படியே பேணப்பட்டிருப்பதால், பார்ப்பவர் ஒரு முழு நிகழ்ச்சியைத் தொடக்கம் முதல் இறுதிவரை காண்கிறார், ஆனால் அந்த நிகழ்ச்சி எந்த ஓர் இரவிலும் எந்த ஓர் ஊரிலும் அவ்வாறு நடந்ததில்லை.

ஓர் இரவா, பல இரவுகளா

ரசிகர் கருத்து முதலில் பிளவுபடுவது இந்த இடத்தில்தான். ஒரு தரப்பினர், மேடைநிகழ்ச்சி என்பது ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கும் ஒரு குறிப்பிட்ட குழுவுக்கும் இடையே இரண்டு மணிநேரத்தில் படிப்படியாக உருவாகும் உறவு என்றும், ஒவ்வொரு பாடல் முடிவிலும் ஊரை மாற்றினால் அந்த ஏற்றம் ஒவ்வொரு முறையும் அறுந்து மீண்டும் அடியிலிருந்து தொடங்குகிறது என்றும் வாதிடுகின்றனர். உடைகள் மாறுவதும், மேடையின் அளவு மாறுவதும், திறந்தவெளி அரங்கு அடுத்த கணமே மூடிய மண்டபமாவதும் இவர்களுக்கு உறுத்தலாக உள்ளன. எதிர்த்தரப்பினர், படத்தின் பொருள் ஒரு நிகழ்ச்சியன்று, பயணம் என்கின்றனர். ஒரே பாடல் வரிசை உலகின் பல முனைகளில் எவ்வாறு வரவேற்கப்படுகிறது என்பதைக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பது அவர்களது நிலைப்பாடு.

இந்த விவாதம் வெறும் சுவை வேறுபாட்டால் எழுந்ததன்று, குழுவின் முந்தைய காணொளிகளே அதற்கு அளவுகோலாக நின்றன. 1985 மார்ச்சில் கலிபோர்னியாவின் லோங் பீச் அரங்கில் தொடர்ச்சியான இரவுகளில் பதிவான ‘லைவ் ஆஃப்டர் டெத்’, எகிப்தியக் கோயில் வடிவிலான மேடையையும் டிக்கின்சனின் இளமைக் குரலையும் கொண்டு, மெற்றல் காணொளிகளின் உச்சமெனப் பல ரசிகர்களால் மதிக்கப்படுகிறது. அது டிவிடியாக மறுவெளியீடு கண்டதோ 2008 பெப்ரவரி 4 அன்று, அதாவது மும்பை நிகழ்ச்சிக்கு மூன்று நாட்களின் பின்னர். சுற்றுப்பயணத்தின் மேடையும் அதே எகிப்திய வடிவத்தை மீட்டெடுத்தது. ஆகவே பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது தவிர்க்க இயலாததாயிற்று. 23 ஆண்டுகள் கடந்த குரல் முன்போல் உச்சங்களைத் தொடுகிறதா என்ற கேள்விக்கு, சில இடங்களில் இல்லை எனினும் மூன்று கிற்றார்களின் சேர்க்கையால் இசை முன்னைவிடத் தடிப்பாக ஒலிக்கிறது என்பது நடுநிலையான ரசிகர்களின் விடையாக இருந்தது. அந்த விடை சரியானதே. 1985இல் இரண்டு கிற்றார்கள் பகிர்ந்துகொண்ட இசைக்கோடுகள், 1999 முதல் டேவ் மரே, ஏட்ரியன் ஸ்மித், யானிக் கெர்ஸ் ஆகிய மூவரிடையே பிரிந்ததால், ஒருவர் தனித்து வாசிக்கும்போதும் அடித்தளம் வெறுமையாவதில்லை.

படத்தொகுப்பு பற்றிய முறைப்பாடுகள்

மெற்றல் காணொளி குறித்து மிக அதிகமாக எழும் குறை, ஒரு காட்சியிலிருந்து மற்றொன்றுக்கு மிக விரைவாகத் தாவும் வெட்டுக்களே. 2001 ஜனவரி 19 அன்று பிறேசிலின் றியோ டி ஜெனிரோவில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் முன்னிலையில் நடந்த நிகழ்ச்சி ‘றொக் இன் றியோ’ என்ற பெயரில் 2002இல் வெளிவந்தபோது, படத்தொகுப்பை ஸ்டீவ் ஹரிஸே செய்திருந்தார். கிற்றார்க் கலைஞரின் விரல்கள் ஓர் இசைக்கோட்டை முடிக்கும் முன்பே காட்சி ட்ரம்ஸுக்குத் தாவுவதும், அங்கிருந்து கூட்டத்துக்குத் தாவுவதும் இசைக்கருவி பயிலும் ரசிகர்களைச் சலிப்படையச் செய்தன. இவர்களில் பலர் காணொளியைப் பாடமாகவும் பயன்படுத்துபவர்கள், ஒரு தனிவாசிப்பை முழுமையாகப் பார்க்க விரும்புபவர்கள். அதே ஹரிஸ் 1988 நவம்பரில் பேர்மிங்ஹாமில் பதிவுசெய்து இயக்கிய ‘மெய்டன் இங்கிலண்ட்’ படத்தில், பார்வையாளர் இருக்கையிலிருந்து மேடையைக் காணும் உணர்வைத் தர முயன்றிருந்தார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. 2011 ஏப்ரலில் சிலியின் சந்தியாகோவில் பதிவாகி மறுவருடம் வெளிவந்த ‘என் விவோ’ படத்திலோ, திரையைப் பல கட்டங்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் பல கோணங்களைக் காட்டும் உத்தி கையாளப்பட்டது. அது முழு மேடையையும் ஒரே பார்வையில் தருகிறது என்று சிலரும், கண்ணை ஓரிடத்தில் நிலைக்க விடுவதில்லை என்று பலரும் கருதினர். இவற்றின் நடுவே ‘ஃபிளைட் 666’ ஒப்பீட்டளவில் அமைதியான தொகுப்பைக் கொண்டிருப்பதே அதன் பெருஞ்சிறப்பாக இசைக்கலைஞர்களிடையே மதிக்கப்படுகிறது.

ஒலியைப் பொறுத்தவரை ரசிகர்கள் முதலில் கேட்பது நேர்மையையே. மேடையில் நேர்ந்த பிழைகளைப் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் பாடியோ வாசித்தோ மறைப்பதை ஓவர்டப் என்பர். ஜூடாஸ் பிறீஸ்ட் குழுவின் 1979ஆம் ஆண்டு நேரலைத் தொகுப்பான ‘அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்’, குரல் பகுதிகள் பின்னர் கூடத்தில் பாடிச் சேர்க்கப்பட்டவை என்ற காரணத்தால் நீண்டகாலம் ரசிகர்களின் கேலிக்கு உள்ளானது. அந்தக் கசப்பின் நிழல் இவ்வகையின் ஒவ்வொரு நேரலை வெளியீட்டின்மீதும் இன்றுவரை விழுகிறது. கெவின் ஷேர்லி கலவைசெய்த ‘ஃபிளைட் 666’ ஒலித்தடத்தில் கிற்றார்கள் தெளிவாகப் பிரிந்து கேட்பதும், குரலின் தளர்வுகள் சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருப்பதும் நேர்மையின் சான்றாகக் கொள்ளப்பட்டன. அரங்குக்கு அரங்கு கூட்டத்தின் ஒலி வேறுபடுவதை மட்டுப்படுத்தி எல்லா ஊர்களையும் ஒரேவிதமாக ஒலிக்கச் செய்துவிட்டார்கள் என்ற மறுப்பும் இருந்தது.

கூட்டமே பாத்திரம்

படத்தில் ரசிகர்கள் ஏகமனதாக நினைவில் வைத்திருக்கும் காட்சி இசைக்குழுவைப் பற்றியதன்று. பொகோட்டா நிகழ்ச்சி முடிந்தபின், மேடையிலிருந்து எறியப்பட்ட ட்ரம்ஸ் குச்சியைப் பிடித்த ஒரு ரசிகர் அதை இறுகப் பற்றியபடி கண்ணீர் வடிக்கிறார். படப்பிடிப்பாளர் எதையும் சொல்லாமல் அவரையே காட்டுகிறார். இயக்குநர்களில் ஒருவரான சாம் டன் மானிடவியல் பயின்றவர், மெற்றல் ரசிகர்களைப் பற்றி 2005இல் முன்னரே ஓர் ஆவணப்படம் எடுத்தவர் என்பதை அறிந்தால், கமெரா ஏன் இவ்வளவு நேரம் கூட்டத்தை நோக்குகிறது என்பது விளங்கும். இலண்டனிலும் நியூயோர்க்கிலும் பலமுறை இக்குழுவை நேரில் கண்ட ரசிகர்களுக்கு இக்காட்சிகள் சற்று மிகையாகத் தோன்றின. முதல் வாய்ப்புக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த நாடுகளின் ரசிகர்களுக்கோ, தமது வாழ்வு முதன்முறையாகப் பெருந்திரையில் மதிப்புடன் காட்டப்பட்டதாக இருந்தது. இப்படத்தின் மீதான தீர்ப்புகள் பார்ப்பவரின் ஊருக்கேற்ப வேறுபடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். பிற காரணங்கள் இதற்கு அடுத்தபடியே.

இந்திய ரசிகர்களின் நிலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் முதன்முறையாக இந்தியாவில் இசைத்தது. பல மாநிலங்களிலிருந்தும் தொடருந்திலும் பேருந்திலும் ரசிகர்கள் அங்கு திரண்டனர். மறுவருடம் மும்பையில் பதிவான பாடலே உலகெங்கும் விற்ற வட்டின் முதற்பாடலாக அமைந்தது, கசெற்றுகளையும் நகல் வட்டுகளையும் கைமாற்றியே இந்த இசையை வளர்த்த ஒரு தலைமுறைக்குக் கிடைத்த ஏற்பாக உணரப்பட்டது. 2009 பெப்ரவரியில் சுவீடனின் ஓபெத் குழு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சாரங் விழாவில் இசைத்தபோது, தமிழ்நாட்டு ரசிகர்களுக்கும் அத்தகைய ஓர் இரவு வாய்த்தது.

இலங்கை அந்தப் பயணப் பாதையில் இருக்கவில்லை. மும்பை நிகழ்ச்சி நடந்த காலத்தில் அங்கு அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்த உடன்பாடு முடிவுக்குக் கொண்டுவரப்பட்டு இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. கொழும்பில் ஸ்டிக்மாட்டா போன்ற உள்ளூர்க் குழுக்கள் அவ்வாண்டுகளிலும் சொந்தப் பாடல்களுடன் இயங்கிக்கொண்டிருந்தன. எனினும் தலைநகரின் அந்த மேடைகள்கூடத் திருகோணமலை மாவட்டத்தின் ஓர் இளைஞருக்கு எளிதில் எட்டக்கூடியவையாக இருக்கவில்லை. இத்தகைய இடங்களில் காணொளி, நேரில் கண்டதை மீட்டுப் பார்ப்பதற்கான நினைவுப்பொருளாக அமைவதில்லை. அதுவே நிகழ்ச்சி. ஆகையால் ஓர் இரவா பல இரவுகளா என்ற வழக்கு இங்கு வேறு எடை பெறுகிறது: எந்த இரவிலும் இருக்க வாய்ப்பில்லாதவருக்கு, 16 நகரங்களின் தொகுப்பு ஒரு குறையாகத் தோன்றக் காரணமில்லை.

மும்பையில் பதிவான ‘ஏசஸ் ஹை’ பாடலின் பொருளும் திருகோணமலை மாவட்டத்தின் கப்பல்துறை வாசகருக்கு அந்நியமானதன்று. 1984ஆம் ஆண்டின் ‘பவர்ஸ்லேவ்’ தொகுப்புக்காக ஸ்டீவ் ஹரிஸ் எழுதிய அப்பாடல், 1940இல் பிரித்தானிய வான்பரப்பில் ஜேர்மன் விமானங்களை எதிர்த்துப் பறந்த விமானிகளின் பார்வையில் அமைந்தது. அதே போரின் மற்றொரு காட்சி 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலைத் துறைமுகத்தின்மேல் நிகழ்ந்தது: யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, அயலிலுள்ள சீனக்குடா விமானத்தளத்திலிருந்து பிரித்தானிய விமானப்படையின் 261ஆவது அணியின் ஹரிக்கேன் விமானங்கள் மேலெழுந்து சண்டையிட்டன. அபாயச் சங்கு, ஓடுபாதை நோக்கிய ஓட்டம், முகிலுக்கு மேலான துரத்தல் என அப்பாடல் அடுக்கும் யாவும் இவ்வூரின் வரலாற்றிலும் இருப்பவை; போரைப் பற்றிய பாடலைப் போரின் நடுவே வளர்ந்தவர்கள் கேட்பதில் உள்ள கனத்தை எந்தத் தொழில்நுட்ப மதிப்பீடும் அளக்க முடியாது.

ஆவணப்படம் குறித்த தயக்கங்களும் பின்னைய வெளியீடுகளும்

ஆவணப்படப் பகுதியைப் பற்றிய வலுவான விமர்சனம், அது குழுவினரிடையே எந்தப் பிணக்கையும் காட்டாமல் மிக இணக்கமான சித்திரத்தைத் தருகிறது என்பதாகும். நிர்வாகத்தின் ஒப்புதலுடன் எடுக்கப்பட்ட படத்தில் இது எதிர்பார்க்கத்தக்கதே. ட்ரம்ஸ் கலைஞர் நிக்கோ மக்பிறெயினின் கலகலப்பு, விமானியறையில் டிக்கின்சன் காட்டும் ஒழுங்கு, ஓய்வுநாட்களின் கோல்ஃப் ஆட்டம் ஆகியவை ரசிகர்களை மகிழ்வித்தாலும், இசை எவ்வாறு உருவாகிறது என்பதை அறிய விரும்பியவர்களுக்கு அங்கு கிடைப்பது குறைவு.

பல நகரங்களைக் கோக்கும் முறையை அயர்ன் மெய்டன் 2017இல் ‘தி புக் ஒஃப் சோல்ஸ்: லைவ் சப்டர்’ வெளியீட்டில் மீண்டும் கையாண்டபோது, அதே விவாதம் மீண்டும் எழுந்தது. அந்தக் காணொளி இணையவழியே ஒளிபரப்பப்பட்டது, டிவிடி வட்டாக விற்கப்படவில்லை. இசைத்தட்டும் குறுவட்டும் ஒலியை மட்டுமே தாங்கி வந்தன. மெக்சிகோ நகரில் பதிவான நிகழ்ச்சி 2020இல் ‘நைட்ஸ் ஒஃப் தி டெட்’ என வெளிவந்தபோதும் காணொளி வட்டு சேர்க்கப்படாததால், அந்தச் சுற்றுப்பயணத்தின் மேடையில் தொங்கிய முழுவடிவ ஸ்பிற்ஃபயர் விமான மாதிரியின் கீழ் ‘ஏசஸ் ஹை’ பாடப்பட்டதைக் கண்ணால் காண விரும்பியவர்கள், ரசிகர்கள் கைப்பேசியில் எடுத்த நடுங்கும் பதிவுகளையே நாட வேண்டியிருந்தது.