லினக்சில் உள்ளமை மோடம்

தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தில் இணைந்த காலத்தில், கணினிப் பெட்டிக்குள் பொருத்தப்பட்ட மலிவான மோடம் அட்டைகள் பலவும் விண்டோசு இயங்குதளத்தில் மட்டுமே வேலை செய்தன. லினக்சு நிறுவியவர்களுக்குத் திரை, விசைப்பலகை, வன்தட்டு எல்லாம் இயங்கும். மோடம் மட்டும் இயங்காது. அட்டை பழுதாகவில்லை, தொலைபேசி இணைப்பும் சரியாகவே இருக்கும். மோடம் செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதி அட்டையிலிருந்து நீக்கப்பட்டு, மூல நிரல் வெளியிடப்படாத மென்பொருளுக்கு மாற்றப்பட்டிருந்ததே காரணம். பெருநகரங்களுக்குத் தொலைவில் இருந்த கன்னியாகுமரி போன்ற மாவட்டங்களில் வேறு இணைய வழிகள் குறைவாக இருந்ததால் இச்சிக்கலின் சுமை கூடுதலாக இருந்தது.

பின்னணி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகத்து 15 அன்று தொடங்கியது. மும்பை, தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்கள் முதலில் இடம்பெற்றன. பிற ஊர்களில் இருந்தவர்கள் இந்த நகரங்களில் ஒன்றுக்கு எஸ்.டி.டி. அழைப்பு செய்தே இணைய வேண்டியிருந்தது. நாகர்கோவிலில் இருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அந்தத் தொலைவுக்கு நிமிடக் கணக்கில் எஸ்.டி.டி. கட்டணம் செலுத்தி இணையத்தில் உலவுவது பெரும்பாலான குடும்பங்களுக்கு இயலாத செலவாகும்.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இணையச் சேவை வழங்க அனுமதி கிடைத்தது. 2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல். உருவானது. அதன் சஞ்சார்நெட் சேவையில் 172233 என்ற எண்ணை உள்ளூர் அழைப்புக் கட்டணத்தில் அழைக்க முடிந்தது. இதன்பின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களைக் கொண்ட நாஞ்சில் நாட்டிலும், மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலும் தொலைபேசி இருந்த வீட்டில் இணையமும் சாத்தியமானது. படிப்பறிவு மிகுந்த இம்மாவட்டத்தில் இருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர் பலர். அவர்களோடு தொடர்பு கொள்ள மின்னஞ்சலும் இணைய உரையாடலும் பயன்பட்டன. வீட்டில் கணினி இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டர்களை நாடினர்.

மோடமும் அதன் வகைகளும்

கணினியின் எண்முறைத் தரவைத் தொலைபேசிக் கம்பியில் செல்லக்கூடிய ஒலி அலையாகவும், அந்த அலையை மீண்டும் தரவாகவும் மாற்றும் கருவியே மோடம். இதில் மூன்று வேலைகள் உள்ளன. முதலாவது, கம்பியோடு மின் தொடர்பு கொள்வது. இரண்டாவது, அலையைத் தரவாகவும் தரவை அலையாகவும் மாற்றும் கணக்கீடு. மூன்றாவது, எண்ணைச் சுழற்று, இணைப்பைத் துண்டி போன்ற கட்டளைகளைப் புரிந்து நடப்பது. இக்கட்டளைத் தொகுதி 1981இல் வெளிவந்த ஏய்சு நிறுவனத்தின் மோடத்தில் இருந்து பரவி, பின்னர் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது.

கணினிக்கு வெளியே சீரியல் கேபிளில் இணைக்கும் மோடம் இந்த மூன்றையும் தானே செய்தது. பழைய ஐ.எஸ்.ஏ. உள்ளமை அட்டைகள் பலவும் அவ்வாறே செய்தன. அவற்றை லினக்சு ஒரு சீரியல் போர்ட்டாகக் கண்டது. தனி இயக்கி தேவைப்படவில்லை. ஒரே தொல்லை, குறுக்கீட்டு எண் மோதல். முதல் சீரியல் போர்ட்டும் மூன்றாவதும் 4 என்ற எண்ணையும், இரண்டாவதும் நான்காவதும் 3 என்ற எண்ணையும் பகிர்ந்துகொண்டன. அட்டையில் உள்ள ஜம்பரை மாற்றி, செட்சீரியல் என்ற கட்டளையால் லினக்சுக்கு அதைத் தெரிவித்தால் மோடம் இயங்கிவிடும்.

1990களின் பிற்பகுதியில் நுண்செயலிகள் விரைவு பெற்றன. கணக்கீட்டை அட்டையில் உள்ள தனிச் சில்லு செய்வதைவிடக் கணினியின் நுண்செயலியே செய்தால் அட்டையின் விலை குறையும் என உற்பத்தியாளர்கள் கண்டனர். இவ்வாறு வந்த பி.சி.ஐ. அட்டைகள் வின்மோடம் எனப்பட்டன. சிலவற்றில் கட்டளை ஏற்கும் பகுதி மட்டும் நீக்கப்பட்டது. வேறு சிலவற்றில் கணக்கீட்டுப் பகுதியும் நீக்கப்பட்டு, கம்பியோடு தொடர்பு கொள்ளும் பகுதி மட்டுமே எஞ்சியது. மீதி வேலை முழுவதும் விண்டோசு இயக்கியில் இருந்தது. உற்பத்தியாளர்கள் அந்த இயக்கியின் மூல நிரலையோ சில்லின் தொழில்நுட்ப விவரங்களையோ வெளியிடவில்லை.

லினக்சு இயக்கிகள்

சாதாரண அட்டைக்கு இயக்கி எழுதுவதைவிட வின்மோடத்துக்கு எழுதுவது பன்மடங்கு கடினம். வி.34, வி.90 போன்ற தர வரையறைகளில் சொல்லப்பட்ட அலைக் கணக்கீடு முழுவதையும் எழுத வேண்டும். அவற்றில் பல பகுதிகள் காப்புரிமைக்கு உட்பட்டவை. பிரான்சைச் சேர்ந்த பப்ரிசு பெல்லார்டு இக்கணக்கீடுகளைத் திறமூலமாக எழுதும் முயற்சியைத் தொடங்கினார். எனினும் எல்லாச் சில்லுகளுக்கும் பொருந்தும் முழுமையான திறமூல இயக்கி உருவாகவில்லை.

பயனர்களுக்குக் கிடைத்தவை இடைவழித் தீர்வுகளே. லூசென்ட் நிறுவனத்தின் சில்லுகளுக்கு வந்த இயக்கி இரு பகுதிகளைக் கொண்டது. கணக்கீட்டுப் பகுதி மூல நிரல் இல்லாத இருமக் கோப்பாகவும், கெர்னல் எனப்படும் கருனியோடு அதை இணைக்கும் பகுதி மூல நிரலாகவும் இருந்தன. சுமார்ட் லிங்க் சில்லுகளுக்கான மென்பொருளும் இதே போன்றது. கோனெக்சன்ட் சில்லுகளுக்கு லினக்சன்ட் என்ற நிறுவனம் இயக்கி வழங்கியது. அதன் இலவசப் பதிப்பு நொடிக்கு 14.4 கிலோபிட் வேகத்தோடு நின்றது. முழு வேகத்துக்குப் பணம் செலுத்த வேண்டும்.

2004 ஏப்ரலில் இந்த நிறுவனத்தின் இயக்கி குறித்துச் சர்ச்சை எழுந்தது. மூல நிரல் மூடப்பட்ட பகுதி சேரும்போது லினக்சு கருனி தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்ளும். பிழை தோன்றினால் அது மூடிய பகுதியால் நேர்ந்திருக்கலாம் என்று உருவாக்குநர்கள் அறிய அக்குறி உதவும். இந்த இயக்கியின் உரிம வரியில் ஜி.பி.எல். என்ற சொல்லுக்குப் பின் வெற்றுக்குறி ஒன்று இடப்பட்டிருந்தது. கருனி அதற்கு மேல் படிக்காமல், இயக்கி முழுவதும் கட்டற்ற உரிமத்தில் உள்ளது என எடுத்துக்கொண்டது. ஒரு மோடத்தை இயக்குவது உரிமம் பற்றிய கேள்வியும் ஆகும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

இயக்கும் முறை

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பெயர் பெரும்பாலும் பயன்படாது. ஒரே பெயரில் வெவ்வேறு சில்லுகள் கொண்ட அட்டைகள் விற்கப்பட்டன. எனவே எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளையால் சில்லின் அடையாள எண்ணைக் கண்டறிவதே முதல் படி. இதற்கென எழுதப்பட்ட சுகேன்மோடம் என்ற கருவி, எந்த இயக்கி பொருந்தும் என்பதையும் தெரிவித்தது.

இரண்டாம் படியில்தான் முடிச்சு விழுந்தது. இயக்கி இணையத்தில் இருந்தது. இணையத்தை எட்டவோ அந்த இயக்கி வேண்டும். அதே கணினியில் விண்டோசும் இருந்தால் அதில் இணைந்து பதிவிறக்கலாம். இல்லையேல் பிரவுசிங் சென்டரில் இருந்து 1.44 மெகாபைட் கொள்ளளவுள்ள பிளாப்பியில் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த இயக்கியை அக்கணினியின் கருனிப் பதிப்புக்கு ஏற்பத் தொகுக்க வேண்டும். கருனியின் மூலக் கோப்புகளோ தொகுப்பியோ இல்லை என்றால் மீண்டும் ஒரு பயணம். கருனியைப் புதுப்பித்தால் இயக்கியையும் மறுபடி தொகுக்க வேண்டும்.

இயக்கி ஏறிய பின் வி.வி.டயல் அல்லது கே.பி.பி.பி. மென்பொருளில் அழைப்பு எண், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைப் பதிய வேண்டும். தொலைபேசியின் டயல் தொனி நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், கம்பி சரியாக இருந்தும் தொனி இல்லை என்று மோடம் கூறுவதுண்டு. தொனிக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றச் சொல்லும் எக்சு3 கட்டளை அதற்குத் தீர்வாக இருந்தது. இணைப்பு கிடைத்த பிறகும், வீட்டில் ஒருவர் இணைத் தொலைபேசியை எடுத்தால் அது துண்டிக்கப்படும். இடி மின்னலின்போது கம்பியைக் கழற்றி வைக்காவிட்டால் மோடம் எரிந்துபோகும் வாய்ப்பும் இருந்தது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் குமரி மாவட்டத்தில் இது கவனிக்க வேண்டிய ஒன்று.

56 கிலோபிட் மோடத்தில் நல்ல இணைப்பில் நொடிக்கு 4 முதல் 5 கிலோபைட் வரை தரவு இறங்கும். 650 மெகாபைட் குறுவட்டு ஒன்றைப் பதிவிறக்க இந்த வேகத்தில் ஏறத்தாழ 40 மணி நேரம் தேவை. ஆகவே லினக்சு இணையம் வழியாக அல்லாமல், பி.சி. குவெஸ்ட் போன்ற இதழ்களோடு வந்த குறுவட்டுகள் வழியாகவே இந்தியாவில் பலரை அடைந்தது.

கட்டற்ற மென்பொருள் இயக்கமும் தமிழும்

2001 சூலை 20 அன்று இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. ரிச்சர்டு சுடால்மன் அந்நிகழ்வில் பங்கேற்றார். நாகர்கோவிலில் இருந்து அந்நகரம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவே. இதே காலத்தில் லினக்சின் கே.டி.ஈ. திரைமுகப்பைத் தமிழாக்கும் பணி நடந்தது. பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சல் குழுக்கள் வழியாக ஒன்றுகூடி அதைச் செய்தனர். 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. இப்பணிகளில் பங்கேற்க முதல் தேவை இணைய இணைப்பு. மோடம் இயங்காத லினக்சுக் கணினியில் தமிழ்த் திரைமுகப்பைப் பார்க்கலாம். அதன் பிழையைத் திருத்தி அனுப்ப முடியாது.

முடிவும் தாக்கமும்

இந்தச் சிக்கல் தீர்க்கப்படவில்லை, தேவையற்றுப் போனது. 2004 அக்டோபரில் இந்திய அரசு அகலப்பட்டைக் கொள்கையை வெளியிட்டு, நொடிக்கு 256 கிலோபிட் என்பதைக் குறைந்தபட்ச வேகமாக வரையறுத்தது. 2005 சனவரியில் பி.எஸ்.என்.எல். தன் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. அதற்கான ஏ.டி.எசு.எல். மோடம் ஈத்தர்நெட் கேபிளால் கணினியோடு இணைந்தது. கணக்கீடு முழுவதும் மீண்டும் மோடத்துக்குள்ளேயே நடந்ததாலும், ஈத்தர்நெட் அட்டைகள் பலவற்றுக்கு லினக்சில் இயக்கி முன்பே இருந்ததாலும் தனி இயக்கி தேவைப்படவில்லை. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் லினக்சுக்கு மாறியதும், சென்னை சி-டாக்கின் பாசு லினக்சு 2007இல் வெளிவந்ததும் இந்த மாற்றத்துக்குப் பின்னரே.

சிக்கலின் வேர் இன்னும் உள்ளது. வின்மோடத்துக்குப் பின் வந்த கம்பியில்லா வைஃபை அட்டைகள் சிலவற்றிலும் இதே குறை தோன்றியது. விண்டோசு இயக்கியை லினக்சில் ஏற்றும் என்.டி.ஐ.எசு.ராப்பர் என்ற மென்பொருள் அதற்கு இடைவழியானது. இன்றைய கைப்பேசிகளின் உள்ளே உள்ள மோடமும் மூடிய மென்பொருளில்தான் இயங்குகிறது. இயங்குதளம் கட்டற்றதாக இருந்தாலும், அதை வெளியுலகோடு இணைக்கும் பகுதி மூடியதாக இருந்தால் பயனரின் உரிமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.