துருப்பிடித்த ஆணி: ஊர்கள் இருந்த இடத்தில் ஓர் ஏரி

ஜேர்மனியின் பேர்லின், ட்ரெஸ்டன் ஆகிய இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட லவுசிட்ஸ் பிரதேசத்தில், செட்லிட்ஸ் ஏரிக்கரையில் 30 மீற்றர் உயரமான இரும்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 2008 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இந்தக் கோபுரத்தை அங்குள்ளவர்கள் 'துருப்பிடித்த ஆணி' என்று அழைக்கிறார்கள். மேற்பரப்பில் படியும் துருவே உள்ளிருக்கும் இரும்பைக் காக்கும் வகையான உருக்கினால் கட்டப்பட்டது என்பதால் பெயர் பொருத்தமானதுதான். 162 படிகள் ஏறினால் உச்சி. மின்தூக்கி கிடையாது, முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் கீழே கரையிலேயே இருந்துகொள்ளலாம்.

மேலிருந்து பார்த்தால் எல்லாத் திசைகளிலும் நீர். ஏரிகளுக்கிடையே கால்வாய்கள், கரையோரமாகச் சைக்கிள் பாதைகள், இளம் பைன் காடுகள். வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் ஸ்வார்ஸ பும்ப அனல் மின்நிலையத்தின் வெண்ணிறப் புகையும் தெரியும். அது இன்றும் பழுப்பு நிலக்கரியை எரிக்கிறது. முதற்தடவை வருபவர் இந்த ஏரிகள் காலங்காலமாக இங்கே இருந்தவை என்றுதான் நினைப்பார். ஆனால் இவற்றில் ஒன்றுகூட இயற்கையானது இல்லை.

பழைய கிழக்கு ஜேர்மனி உலகிலேயே அதிகளவு பழுப்பு நிலக்கரி தோண்டிய நாடாக இருந்தது. மின்சாரமும் வீட்டுச் சூடும் அதை நம்பியே இருந்தன. லவுசிட்ஸில் நிலக்கரி ஆழத்தில் இல்லை. மேலேயுள்ள மண்ணை முழுவதுமாக அகற்றித் திறந்தவெளியாகவே வெட்டினார்கள். அதனால் மேலே இருந்த வயல், காடு, தேவாலயம், சவக்காலை, வீடு எல்லாம் போயின. இப்பிரதேசத்தில் முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்ட கிராமங்கள் 130 இற்கும் அதிகம். 25,000 இற்கு மேற்பட்டோர் ஊரை விட்டு எழும்ப நேர்ந்தது. அரசு தீர்மானித்துவிட்டால் மறுத்துப் பேச அந்நாட்டில் வழியிருக்கவில்லை.

செட்லிட்ஸ் சுரங்கம் 1980 இல் மூடப்பட்டது. அந்தக் குழிக்குள் நீரை விடும் வேலை 2005 இல் தொடங்கியது. ஏறத்தாழ 1,400 ஹெக்டேயர் பரப்பு நிரம்பப் பல ஆண்டுகள் எடுத்தன. அயலிலுள்ள சென்ஃப்டென்பேர்க் ஏரி இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1973 முதல் மக்கள் அதில் குளிக்கிறார்கள்.

கோபுரத்தின் அடியில் ஏரியோடு சேரும் கால்வாயின் பெயர் சோர்னோ. இதே ஏரியை வேறோர் ஏரியோடு இணைக்கும் கால்வாயின் பெயர் ரோசன்டோர்ஃப். இரண்டும் 1970களின் முற்பகுதியில் சுரங்கத்துக்காக இடிக்கப்பட்ட ஊர்களின் பெயர்கள். படகில் போகும் சுற்றுலாப் பயணி அந்தப் பெயர்களை வாசித்துவிட்டுக் கடந்து போவார். அந்த ஊரில் பிறந்த ஒருவருக்கு, வரைபடத்தில் தன் ஊர்ப்பெயர் மிஞ்சியிருக்கும் இடம் அந்தக் கால்வாய்தான்.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு. லவுசிட்ஸ், சோர்பியர் என்ற சிறுபான்மை இனத்தின் தாயகம். ஸ்லாவிய மொழி பேசும் இவர்கள் மொத்தம் 60,000 பேரளவில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. இங்கே ஊர்ப் பெயர்ப்பலகைகள் இரு மொழிகளில் இருக்கும். சென்ஃப்டென்பேர்க்கிற்குச் சோர்பிய மொழியில் ஸ்வீ கொமொரொவ் என்று பெயர். சோர்பியம் வயலிலும் தேவாலயத்திலும் அடுத்த வீட்டோடும் பேசப்பட்ட மொழி. அதைப் பேசிய குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போனபின் பிள்ளைகள் ஜேர்மன் மொழிக்கு மாறினார்கள். பாடசாலையில் படிப்பித்து மட்டும் ஒரு மொழியைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை எம்மவர்களுக்கு, விசேடமாகப் புலம்பெயர்ந்தவர்களுக்கு, விளக்கத் தேவையில்லை.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகளைக் கண்டவர்களுக்கும் இந்தக் காட்சி முற்றிலும் அந்நியமாக இராது. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லத்தான் வேண்டும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களில் பலர் ஆண்டுகள் கழிந்தேனும் பற்றை மூடிய காணிக்குள் கால் வைத்தார்கள். கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். சோர்னோக்காரருக்குத் தேட நிலமே இல்லை. அவர் ஊரின் மண்ணையே அள்ளி வேறிடத்தில் கொட்டிவிட்டார்கள்.

அப்படிக் கொட்டிய மண்ணே இன்றைய ஆபத்தும் ஆகும். அது இறுகாத மணல். நிலத்தடி நீர் ஏறும்போது எவ்வித அறிகுறியும் இன்றி அது சேறாக உருகி வழுகக்கூடும். 2009 ஜூலையில் சக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தின் நாக்டர்ஸ்டெட் கிராமத்தில், இதேபோன்ற ஓர் ஏரியின் கரை வீடுகளோடு சரிந்ததில் மூவர் உயிரிழந்தனர். ஆகவே இங்கு 'உயிராபத்து' எனப் பலகை வைத்து மூடியிருக்கும் கரைப்பகுதிக்குள், படம் எடுப்பதற்காகவும் போகக்கூடாது. மணலை அதிரவைத்தும் வெடிவைத்தும் இறுக்கும் வேலை பல்லாண்டுகளாக நடக்கிறது. நீரிலும் பிரச்சினை உண்டு. தோண்டியபோது காற்றுப்பட்ட கந்தகக் கனிமங்கள் நீரில் அமிலமாகவும் இரும்பாகவும் கரைகின்றன. இதற்காகப் படகிலிருந்து சுண்ணாம்பு தூவுகிறார்கள். ஏரி நீலமாகத் தெரிகிறது என்பதற்காக அதில் மீன் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் நேரம் இருந்தால் போலந்து எல்லைக்கு அருகிலுள்ள ஹோர்னோவிற்கும் போக வேண்டும். சோர்பியக் கிராமமான ஹோர்னோ, ஜேர்மனி ஒன்றுபட்ட பின்னரும் யென்ஷ்வால்ட சுரங்கத்துக்காக அகற்றப்பட்டது. ஊரவர்கள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார்கள். 2000 ஆம் ஆண்டு அவர்களின் முறைப்பாடு நிராகரிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஊர் இடிக்கப்பட்டது. ஃபோர்ஸ்ட் நகரில் அதே பெயரோடு அவர்கள் குடியமர்ந்த புதிய ஹோர்னோவில், 2006 முதல் 'மறைந்த ஊர்களின் ஆவணக்காப்பகம்' இயங்குகிறது. அங்கே லவுசிட்ஸின் வரைபடம் தரையில் பெரிதாக விரிக்கப்பட்டிருக்கிறது. வருபவர்கள் அதன்மேல் நடந்து, இல்லாமற்போன ஊர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கலாம்.