மீண்டும் எழுந்த சூறாவளி



சரித்திரத்தை நாம் பெரும்பாலும் ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் தேடுகிறோம். ஓலையும் கல்லும் செப்பேடும் பேசுவதைக் கேட்கப் பழகியிருக்கிறோம். ஓர் இயந்திரமும் அவ்வாறே பேசக்கூடும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அத்தகைய ஓர் இயந்திரத்தின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது ஒரு போர்விமானம். இங்கிலாந்தில் பிறந்து, அந்நாட்டு வானத்தில் போரிட்டு, பின்னர் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது. காசி மாநகரில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாது நின்றது. முடிவில் 2004-ஆம் ஆண்டில் மீண்டும் வானில் எழுந்தது. அதன் இனப்பெயர் ஹரிக்கேன். சூறாவளி என்பது அதன் பொருள்.

ஹாக்கர் கம்பெனியின் தலைமை விமான அமைப்பாளரான சிட்னி காம் என்பவர் வரைந்த இவ்விமானம், 1935-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. மரமும் துணியும் கொண்டு விமானம் செய்த காலம் முடிந்து, முழுதும் உலோகத்தால் செய்யும் காலம் தொடங்கிய வேளை அது. ஹரிக்கேன் அவ்விரு காலங்களுக்கும் இடையே போடப்பட்ட பாலம் எனலாம். அதன் உட்கூடு எஃகுக் குழாய்களால் ஆனது. உடலின் பின்பகுதியோ, மரச் சட்டங்களின்மேல் இழுத்துப் போர்த்திய துணியால் ஆனது. பகைவர் குண்டு பல வேளைகளில் துணியைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடும். ஓட்டுப் போட்டு மறுநாளே பறக்க விடலாம். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார் செய்த, பன்னிரண்டு சிலிண்டர்களையுடைய மெர்லின் என்ஜின் அதனை இழுத்துச் சென்றது. இறக்கைகளில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன.

1940-ஆம் ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை இங்கிலாந்தின் வானத்தில் பெரும்போர் நடந்தது. அப்போரின் புகழ் பெரும்பாலும் ஸ்பிட்ஃபயர் என்னும் அழகிய விமானத்தையே சேர்ந்தது. ஆயினும், வீழ்த்தப்பட்ட ஜெர்மானிய விமானங்களுள் மிகுதியானவற்றை வீழ்த்தியவை எண்ணிக்கையில் மிகுந்திருந்த ஹரிக்கேன்களே. உழைப்பு ஓரிடத்திலும் புகழ் ஓரிடத்திலும் சேர்வது மனிதர்க்கு மட்டும் நேர்வதன்று போலும்!

நம் கதைக்குரிய விமானத்தின் எண் ஆர் 4118. குளாஸ்டர் கம்பெனியின் தொழிற்சாலையில் உருவான அது, 1940 ஆகஸ்டில் 605-ஆம் விமானப் பிரிவைச் சேர்ந்தது. லண்டனுக்குத் தெற்கேயுள்ள கிராய்டன் தளத்திலிருந்து 49 முறை போருக்கு எழுந்தது. ஐந்து பகை விமானங்களை வீழ்த்தியதாக அதன் கணக்கு கூறுகிறது. பின்னர்ப் புதிய விமானிகளைப் பயிற்றும் பணிக்கு மாற்றப்பெற்று, 1943-ஆம் ஆண்டின் இறுதியில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது.

நம் நாட்டுக்கும் ஹரிக்கேனுக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. 1944-இல் இம்பால் போர்முனையில் அர்ஜன் சிங் தலைமையில் நம் முதல் விமானப் பிரிவு ஓட்டியவை ஹரிக்கேன்களே. பிற்காலத்தில், 1965-ஆம் ஆண்டுப் போரின்போது, நம் விமானப் படையின் தலைவராக விளங்கியவர் அவரே.

போர் முடிந்ததும் இவ்விமானங்களுக்கு என்ன நேர்ந்தது? பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஹரிக்கேன்கள் கட்டப்பட்டிருந்தன. போரில் அழிந்தவை போக எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. ஆர் 4118 தப்பியதற்குக் காரணம் கல்வியே. 1947-ஆம் ஆண்டில் அது, பண்டித மதன்மோகன் மாளவியா நிறுவிய காசி இந்து சர்வகலாசாலைக்கு, பொறியியல் மாணவர் பார்த்துப் பயிலுவதற்காக வழங்கப்பட்டது. போரிட்ட விமானம் ஆசிரியராயிற்று. ஆனால் காலம் நிற்கவில்லை. ஜெட் விமானங்கள் வந்தன, பாடங்கள் மாறின. பழைய ஆசிரியரைக் கேட்பார் இல்லை. வெயிலும் மழையும் படத் திறந்த வெளியில் அது நின்றுகொண்டிருந்தது.

1982-ஆம் ஆண்டில், பழைய ரோல்ஸ் ராய்ஸ் மோட்டார் வண்டிகளில் ஆர்வங்கொண்ட பீட்டர் வாச்சர் என்னும் ஆங்கிலேயர் அதனைக் கண்டார். அது ஹரிக்கேன் என்பதை அவர் அறிந்துகொண்டார். எந்த ஹரிக்கேன் என்பது பின்னரே தெளிவாயிற்று. அதன் எண்ணைக் கொண்டு பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, எந்நாளில் எந்த விமானி அதனை ஓட்டினார், எத்தனை முறை போருக்குச் சென்றது என்பன வெளிப்பட்டன. பல ஆண்டுகள் முயன்ற பின், 2001-இல் அவர் அதனைப் பெற்று இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார்.

இனி, பறக்கச் செய்யும் பணியைப் பாருங்கள். பார்வைக்கு வைப்பதாயின் துடைத்து வர்ணம் பூசினால் போதும். பறக்க வேண்டுமானால் ஒவ்வோர் உறுப்பும் உயிரைத் தாங்கும் உறுதியுடையதாக வேண்டும். எனவே விமானம் முழுவதும் பிரிக்கப்பட்டது. உட்புறத் துரு, கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஆகியவற்றைத் தேடி உலோக உறுப்புகள் சோதிக்கப்படும். தேறியவை செப்பனிடப்படும், தேறாதவை பழைய வரைபடங்களைப் பார்த்துப் புதிதாகச் செய்யப்படும். ஹரிக்கேனில் மிகக் கடினமானது இறக்கையைத் தாங்கும் எஃகு உத்தரம். தகட்டைப் பன்னிரண்டு பட்டைகளுடைய குழாயாக வளைத்து, ஒன்றினுள் ஒன்று செருகிச் செய்யும் வேலை அது. அதனைச் செய்த பழைய இயந்திரங்களும் தொழிலாளரும் மறைந்துவிட்டபடியால், அந்தக் கலையையே மறுபடியும் கண்டறிய வேண்டியதாயிற்று. சஃபோக் பகுதியிலுள்ள ஒரு பட்டறையார் அதனைச் சாதித்தனர். என்ஜினும் பிரித்துப் புதுக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு, 2004 டிசம்பரில் ஆர் 4118 தரையை விட்டு எழுந்தது.

இங்கே கூரிய மாணவர் ஒருவர் ஒரு வினா எழுப்பலாம். "பாதி உறுப்புகள் புதியவை என்றால், இது அந்தப் பழைய விமானந்தானா?" நல்ல வினா. நம் ஊர்த் தேரை எண்ணிப் பாருங்கள். சக்கரம் தேய்ந்தால் மாற்றுகிறோம். அச்சு முறிந்தால் புதிது போடுகிறோம். மரம் உளுத்தால் வேறு மரம் செதுக்குகிறோம். ஆயினும் அது அதே தேர். பழைய அளவும் பழைய முறையும் தவறாமல், மாற்றியது இன்னதென்று எழுதிவைத்துச் செய்கின்றவரை, தொடர்ச்சி அறுவதில்லை. மறைத்துச் செய்தால் மட்டுமே அது போலியாகும்.

இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. பழம்பொருளைப் பறக்கவிட்டு இழக்கும் அபாயத்துக்கு உள்ளாக்கலாமா? 2022 நவம்பரில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், கண்காட்சியின்போது இரண்டு பழைய போர்க்கால விமானங்கள் வானில் மோதி ஆறு பேர் மாண்டனர். 2024 மே மாதம் இங்கிலாந்தில் ஒரு ஸ்பிட்ஃபயர் வீழ்ந்து அதன் விமானி இறந்தார். இவை புறக்கணிக்கத்தக்க செய்திகள் அல்ல. என் கருத்து இது: ஓர் இனத்தில் ஒன்றே எஞ்சியிருக்குமாயின் அது தரையிலேயே பாதுகாக்கப்பட வேண்டும். பல எஞ்சியிருப்பின், தக்க காவலுடன் சில பறக்கலாம். ஏனெனில் கண்ணாடிக் கூண்டு பொருளைக் காக்கும்; கைத்திறனைக் காக்காது. எஃகைப் பன்னிரண்டு பட்டையாக வளைக்கும் அறிவு, செய்து பார்த்தவர் கையில்தான் வாழும்.

அன்பு மாணவர்களே, இவ்வரலாறு போரைப் போற்றுவதற்காகச் சொல்லப்பட்டதன்று. அந்த விமானம் வீழ்த்திய விமானங்களிலும் இளைஞர் இருந்தனர் என்பதை மறவாதீர்கள். நான் உங்கள் முன் வைக்க விரும்புவது வேறு. ஐம்பது ஆண்டுகளாக எத்தனையோ பேர் அதனைக் கடந்து நடந்தனர். அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, "நீ யார்?" என்று கேட்டவர் கடல் கடந்து வந்த ஒருவரே. இதில் நமக்குச் சிறிது வருத்தம் தோன்றுதல் நியாயமே. வருத்தத்தோடு நாம் நின்றுவிடவும் இல்லை. 1947-இல் காஷ்மீருக்கு நம் வீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டா இனத்தைச் சேர்ந்த ஒரு பழைய விமானம் செப்பனிடப்பெற்று, 2018-இல் 'பரசுராமா' என்னும் பெயருடன் நம் விமானப் படையில் சேர்ந்தது.

உங்கள் கல்லூரித் தொழிற்கூடத்தின் மூலையிலும், ஊர் நூற்பாலையின் கிடங்கிலும், பழைய ரயில் நிலையத்திலும் துருப்பிடித்த இயந்திரங்கள் இருக்கும். அவற்றின்மீது ஓர் எண் பொறித்திருக்கும். தூசியைத் துடைத்து அதனைப் படியுங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள், அந்த எண்ணுக்குரிய பதிவேட்டைத் தேடுங்கள். சரித்திர ஆராய்ச்சி அங்கேயே தொடங்குகிறது.