ஆசிரியர் ஆதரவும் லண்டன் பள்ளி வாரியமும்

வெளி மாநிலங்களில் நம்மவர் கூடி நடத்தும் தமிழ்ப் பள்ளிகளில் நிர்வாகக் குழுத் தேர்தல் வருங்கால் ஒரு கேள்வி எழுவதுண்டு. வேட்பாளர் ஆசிரியர் சங்கத்தின் ஆதரவை நாடலாமா? ஊதியம் பெறுவோர் ஊதியம் அளிப்போரைத் தேர்ந்தெடுப்பது முறையா என்று முகஞ் சுளிப்போர் உளர். நாமும் முன்னர் அவ்வாறே எண்ணியதுண்டு. லண்டன் மாநகரின் பள்ளி வாரிய வரலாற்றைக் கற்றபின், அவ்வளவு எளிதில் தீர்ப்புக் கூற நமக்கு மனம் வரவில்லை.

1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் தோன்றியது அவ்வாரியம். மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல். வரி செலுத்தும் பெண்டிர்க்கும் வாக்குண்டு. பெண்டிர் உறுப்பினராகவும் ஆகலாம். பின்னாளில் அடையாற்றில் நம்மிடையே வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார் 1888இல் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியிலிருந்து வெற்றி பெற்றதும் இவ்வாரியத்திற்கே. வாக்களிக்கும் முறை புதுமையானது. ஏழு இடங்களுள்ள தொகுதியில் ஒருவர்க்கு ஏழு வாக்குகள். விரும்பின் ஏழையும் ஒரே வேட்பாளர்க்கு அளிக்கலாம். வாக்குகளைச் சிதறவிடாமல் ஒருமுகப்படுத்தவல்ல எந்தச் சங்கத்தின் ஆதரவுக்கும் இதனால் பெருமதிப்பு ஏற்பட்டது. வாரியத்திடம் ஊதியம் பெறுவோர் அதன் உறுப்பினராதலைச் சட்டம் தடுத்தது. ஆதலின் பணியிலிருந்த ஆசிரியர்க்குப் பிறரை ஆதரிப்பதே வழியாயிற்று.

பள்ளிகளில் விவிலியம் கற்பிக்கலாம். ஆனால் எந்த ஒரு சபைக்கும் உரிய தனிக் கொள்கையைப் புகுத்தலாகாது. இதுவே 1871 முதல் நிலவிய இணக்கம். கல்விக்காகும் செலவை எண்ணிக் கவலையுற்றோரும், தேவாலயத்தின்பால் பற்றுடையோரும் சேர்ந்த மிதவாதிகள் அப்போது பெரும்பான்மையினராயிருந்தனர். அவர்களுள் அதெல்ஸ்டன் ரைலி என்பார் இவ்விணக்கத்தை மாற்ற முனைந்தார். 1894இல் ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை ஒன்று சென்றது. மும்மைத் தத்துவத்தின் வழியே குழந்தைகட்குச் சமயம் கற்பிக்க வேண்டும். மனச்சான்று இடங்கொடாதோர் அப்பாடத்தினின்று விலகிக்கொள்ளலாம். அதனால் அவர்தம் நிலைக்குக் குறை நேராது என்றது அது.

படிப்பதற்கு நியாயமாகவே தோன்றும். அரசாங்கச் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்தே காலங்கழிக்கும் நமக்கு இத்தகைய உறுதிமொழிகளின் இயல்பு ஓரளவு தெரியும். விலகுவோர் தம் பெயரைத் தாமே எழுதித் தரவேண்டும் அல்லவா? தலைமையாசிரியர் இடம் காலியாகும்போது அப்பட்டியல் எவர் கண்ணிலும் படாது என்று யார் உறுதி கூற இயலும்? நம்பிக்கையையே தகுதித் தேர்வாக்கும் முயற்சி இது என்று ஆசிரியர்கள் அஞ்சினர். அஞ்சியும் ஒளியவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம்மை அப்பாடத்தினின்று விடுவிக்குமாறு எழுதிக் கொடுத்தனர். தனித்தனியே கேட்டால் ஆபத்து. சேர்ந்து கேட்டால் ஆட்சியாளர்க்குச் சங்கடம்.

அவ்வாண்டு நவம்பர்த் தேர்தல் இச்சுற்றறிக்கையை மையமாகக் கொண்டே நடந்தது. ஆசிரியர் சங்கம் முற்போக்காளர் பக்கம் நின்றது. சங்கத்தின் செயலாளராயிருந்த தாமஸ் காட்ரேயும், முன்னாள் ஆசிரியரும் ஆசிரியர் இதழின் பதிப்பாசிரியருமான மாக்னமாராவும் வாரியத்துள் நுழைந்தனர். ஊதிய உயர்வு ஒன்றையே வாக்குறுதியாகப் பெற்று அளிக்கப்பட்ட ஆதரவாயிருப்பின், அதனை வெறும் வாணிபம் என்று நாமும் ஒதுக்கியிருப்போம். இங்கே கேட்கப்பட்ட கேள்வி வேறு: வகுப்பறையில் நிற்பவனின் மனச்சான்றை நீர் மதிப்பீரா? இக்கேள்வியைக் கேட்கும் உரிமை ஆசிரியர்க்கின்றி வேறு யார்க்கு முதலில் உண்டு?

முடிவு விந்தையானது. முற்போக்காளர் மிகுதியான வாக்குகளைப் பெற்றனர்; மிதவாதிகளோ சில இடங்கள் கூடுதலாகப் பெற்று வாரியத்தைத் தக்கவைத்துக்கொண்டனர். எனினும் சுற்றறிக்கையின் வேகம் தணிந்தது. நெடுநாள் தலைவராயிருந்த டிகிள் பாதிரியார் அப்பதவியை இழந்தார். 1897 தேர்தலில் முற்போக்காளர் பெரும்பான்மை பெற்றனர். அப்போது தலைவரானவர் ரே பிரபு. 1885 முதல் 1890 வரை பம்பாய் மாகாண கவர்னராயிருந்தவர். 1904இல் வாரியம் கலைக்கப்பட்டு அதன் பள்ளிகள் லண்டன் கவுண்டி கவுன்சிலிடம் சென்றன. காட்ரே அதுவரை உறுப்பினராகவே இருந்தார்.