வருசநாட்டுப் பள்ளத்தாக்கும் எட்டாம் வகுப்பு அறிவியல் தேர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

எட்டாம் வகுப்பு அறிவியல் தேர்வு தமிழகத்தில் மூன்று வெவ்வேறு பணிகளைச் செய்து வந்துள்ளது. தொடக்கத்தில் அது பள்ளிப் படிப்பை முடித்துவைக்கும் சான்றாக இருந்தது. பின்னர் வகுப்பறைக்குள் நிகழும் மதிப்பீடாக மாறியது. 2008க்குப் பின் ஏழை மாணவரை உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கும் வாயிலாகவும் ஆனது. தேர்வின் பணி மாறுந்தோறும் அதற்கு ஆயத்தமாகும் முறையும் மாறியது. இம்மாற்றத்தை, மலையடிவாரக் குடியிருப்புகள் நிறைந்த வருசநாட்டுப் பகுதியை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வருசநாடு, பொது அறிவியல், இ.எஸ்.எல்.சி., கலைச்சொல், தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு.

1. முன்னுரை

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வருசநாட்டு மலைக்கும் ஆண்டிபட்டி மலைத்தொடருக்கும் இடையே அமைந்த பள்ளத்தாக்கு வருசநாட்டுப் பகுதியாகும். வைகை இம்மலைகளில் தோன்றுகிறது. முல்லையாற்றோடு சேருமுன் உள்ள அதன் மேற்பகுதியை மக்கள் மூல வைகை என்பர். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு ஆகிய ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் கடமலை–மயிலை ஊராட்சி ஒன்றியத்தில் அடங்கும். மானாவாரி வேளாண்மையும், இலவ மரத் தோப்புகளும், கூலி உழைப்பும் இங்குள்ளோரின் வாழ்வாதாரங்கள்.

இத்தகைய பகுதியில் எட்டாம் வகுப்பு தனிச்சிறப்புடையது. நடுநிலைப் பள்ளி அவ்வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பிற்குப் பலர் வேறு பள்ளிக்கும் வேறு ஊருக்கும் செல்லவேண்டும். அவ்வயதில்தான் பிள்ளையின் உழைப்பும் குடும்பத்திற்குப் பயன்படத் தொடங்குகிறது. ஆகவே இவ்வகுப்பில் நிகழும் தேர்வு மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதில்லை. படிப்பு தொடருமா, நிற்குமா என்ற வினாவோடு அது பிணைந்துள்ளது. அத்தேர்விற்கு மாணவர் எதற்காக, எந்த மொழியில், எத்தகைய துணையோடு ஆயத்தமாயினர் என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

2. பள்ளியை முடித்துவைத்த தேர்வு

சென்னை மாகாணக் கல்வி அமைப்பில் உயர்தொடக்கப் பள்ளிகள் எட்டாம் வகுப்போடு நிறைவுற்றன. அவற்றின் இறுதியில் நடைபெற்ற பொதுத்தேர்வே இ.எஸ்.எல்.சி. எனப்பட்ட தொடக்கப்பள்ளி இறுதிச் சான்றிதழ்த் தேர்வு. இதில் தேறியவர் ஆசிரியப் பயிற்சி பெற்று ‘ஹையர் கிரேடு’ ஆசிரியராகலாம். உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல வசதியற்ற சிற்றூர் மாணவர்க்கு அரசுப் பணியை அடைய இச்சான்றிதழ் வழியாயிற்று.

இன்றைய தேனி மாவட்டப் பகுதியில் பள்ளி பரவிய வரலாறு தனித்தன்மை கொண்டது. குற்றப் பழங்குடியினர் சட்டம் 1914 முதல் பிரமலைக் கள்ளர் சமூகத்தின்மீது செயற்படுத்தப்பட்டது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின்கீழ் மதுரை வட்டாரத்தில் பள்ளிகள் நிறுவப்பட்டன. இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இயங்குகின்றன. இவ்வட்டாரத்தில் பள்ளி, கல்வி வாய்ப்பாக மட்டுமன்றிக் கண்காணிப்பின் கருவியாகவும் வந்தது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. அரசு வழங்கும் சான்றிதழுக்கு இங்குள்ளோர் தந்த மதிப்பை இப்பின்னணியிலும் காணலாம்.

இ.எஸ்.எல்.சி. முற்றிலும் மறைந்துவிடவில்லை. தனித்தேர்வர்க்கான எட்டாம் வகுப்புத் தேர்வாக அதை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தி வருகிறது. பன்னிரண்டரை வயது நிறைந்தோர் பள்ளியில் பயிலாமலே இதனை எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களும் இதில் உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, போக்குவரத்து வாகன ஓட்டுநர் உரிமத்திற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவைப்பட்டது. 2019இல் இந்நிபந்தனை நீக்கப்பட்டது. அதுவரை லாரியும் ஜீப்பும் ஓட்ட விரும்பிய வளர்ந்தோர்க்கும் ஒளி, வெப்பம், செரிமானம் பற்றிய பாடங்கள் தேர்வுப் பாடங்களாயின. ஓட்டுநர் பணிக்கும் அப்பாடங்களுக்கும் தொடர்பு அரிது. ஆயினும் வேலைக்கான வாயில் அத்தேர்வின் வழியாகவே இருந்தது.

3. ‘பொது அறிவியல்’ என்னும் பாடம்

ஏ.இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் (1952–53) பொது அறிவியலைப் பள்ளிப் பாடங்களுள் ஒன்றாக வலியுறுத்தியது. இயற்பியல், வேதியியல், உயிரியல் என்னும் பிரிவுகளைத் தாண்டி, அன்றாட வாழ்வோடு இயைந்த ஒரே பாடமாக அறிவியலைக் கற்பித்தல் இதன் நோக்கம். கோத்தாரி கல்விக் குழுவோ (1964–66) பொது அறிவியல் முறை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை எனக் கருதியது. உயர்தொடக்க நிலையிலேயே அறிவியலைத் தனித்தனித் துறைகளாகக் கற்பிக்க அது பரிந்துரைத்தது. முதல் பத்து ஆண்டுகளில் அறிவியலும் கணிதமும் அனைவர்க்கும் கட்டாயம் என்பதும் அக்குழுவின் கருத்தே. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் 1975இல் வெளியிட்ட பத்தாண்டுப் பள்ளிக் கலைத்திட்டம் மீண்டும் ஒருங்கிணைந்த அறிவியலை முன்வைத்தது.

இவ்விருவகைக் கருத்துகளின் தடமும் தமிழகப் பாடநூலில் உள்ளது. 2019–20ஆம் கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த எட்டாம் வகுப்புப் பாடநூலின் பெயர் ‘அறிவியல்’ என ஒன்றே. உள்ளே விசை, ஒளி, மின்சாரம் முதலியவை முதலிலும், அணு, காற்று, நீர், அமிலம் முதலியவை அடுத்தும், நுண்ணுயிரி, தாவரம், விலங்கு முதலியவை பின்னரும் வைக்கப்பட்டுள்ளன. ஒரே நூலை எடுத்துப் படிக்கும் மாணவர் மூன்று துறைகளின் சொல்வழக்கை ஒருங்கே கற்க வேண்டியுள்ளது. அறிவியல் தேர்வுக்கான ஆயத்தத்தில் பெரும்பகுதி சொற்களை மனத்திற் பதிப்பதாக அமைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. கலைச்சொல்லும் மாணவரும்

தமிழில் அறிவியல் கற்பிக்கும் முயற்சி நீண்ட வரலாறு உடையது. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1916இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் கலைச்சொல்லாக்கத்திற்கெனச் சங்கம் நிறுவினர். 1934இல் திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1938இல் கலைச்சொல் தொகுதி வெளிவந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி பயிற்றுமொழியாகி வந்த காலமும் அதுவே. பெ.நா.அப்புஸ்வாமி போன்றோர் அறிவியலைப் பொதுமக்களுக்கான தமிழில் எழுதி இப்பணிக்குத் துணைநின்றனர்.

இவ்வளர்ச்சியின் ஊடே பாடநூற் சொற்கள் தொடர்ந்து மாறின. ‘பொது விஞ்ஞானம்’ பொது அறிவியலாயிற்று. ‘உஷ்ணம்’ வெப்பமாகவும், ‘ஜீரணம்’ செரிமானமாகவும், ‘பிராணவாயு’ ஆக்சிஜனாகவும் மாறின. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலோ பாடத்தின் பெயர் இன்றும் விஞ்ஞானமே. ஆக்சிஜன் அங்கு ‘ஒட்சிசன்’ எனப்படுகிறது.

இம்மாற்றங்கள் மொழிவளர்ச்சியின் இயல்பான விளைவுகளே. எனினும் தேர்வுக்கு ஆயத்தமாகும் வீட்டில் அவற்றால் ஓர் இடைவெளி தோன்றுகிறது. ‘பிராணவாயு’ எனப் படித்த தலைமுறையினர் தம் பிள்ளையின் பாடநூலில் அதே பொருளை வேறு பெயரில் காண்கின்றனர். பள்ளிக்கே செல்லாத பெற்றோர்க்கு இரு பெயரும் ஒன்றே. நகரத்து மாணவர்க்குத் தனிப்பயிற்சி நிலையம் இவ்விடைவெளியை நிரப்புகிறது. மலையடிவார மாணவர்க்குப் பாடநூலும் ஆசிரியருமே துணை. ஆசிரியர் பணியிடம் ஒன்று வெற்றிடமானால் எஞ்சுவது பாடநூல் மட்டுமே.

5. தேர்வு தளர்ந்த காலம்

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்த மாணவரையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது என்றது. அதுவரை எவ்வித வாரியத் தேர்விலும் தேற வேண்டியதில்லை என்றும் அது விதித்தது. தமிழகத்தில் சமச்சீர் கல்வி 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் உறுதிப்பட்டது. 2012–13இல் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் அறிமுகமாயின. பாடநூல் மூன்று பகுதிகளாகப் பிரிந்ததால், ஒரு பருவத்திற்குரிய பாடங்களை மட்டும் ஆயத்தம் செய்தால் போதும் என்ற நிலை உருவாயிற்று.

2019இல் மத்திய அரசு இச்சட்டத்தைத் திருத்தி, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தி மாணவரை நிறுத்திவைக்கும் உரிமையை மாநிலங்களுக்கு வழங்கியது. அதனையொட்டித் தமிழக அரசு 2019 செப்டம்பரில் அவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வை அறிவித்தது. கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து 2020 பிப்ரவரி 4 அன்று அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் விதிகளை மாற்றியபோதும் தமிழகம் பழைய நிலையையே தொடர்ந்தது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்புவரை தடையற்ற தேர்ச்சியை ஏற்றது.

பொதுத்தேர்வை எதிர்த்தோர் முன்வைத்த அச்சம், தோல்வியுற்ற பிள்ளை பள்ளிக்குத் திரும்பாது என்பதாகும். வருசநாடு போன்ற பகுதியில் இதன் பொருள் தெளிவானது. ஓராண்டு நிறுத்திவைக்கப்படும் பிள்ளையை மீண்டும் அதே வகுப்பிற்கு அனுப்புவதா, வேலைக்கு அனுப்புவதா என்று வறிய குடும்பம் முடிவெடுக்கும் தருணமாக அது அமைந்துவிடும்.

6. உதவித்தொகைக்கான தேர்வு

கட்டாயப் பொதுத்தேர்வு விலகிய அதே காலத்தில் மற்றொரு தேர்வு எட்டாம் வகுப்பில் நிலைபெற்றது. 2008இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் திட்டம், எட்டாம் வகுப்போடு மாணவர் படிப்பை விட்டு நீங்குவதைத் தடுக்கும் நோக்குடையது. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு இலட்சம் மாணவர்க்கு இது வழங்கப்படுகிறது. தமிழகத்தின் பங்கு 6,695. அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளி மாணவர் இதற்குத் தகுதியுடையோர். தொடக்கத்தில் ஆண்டுக்கு ரூ.6,000 ஆக இருந்த தொகை 2017 ஏப்ரல் முதல் ரூ.12,000 ஆயிற்று. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை நான்காண்டுகளில் கிடைப்பது ரூ.48,000. பெற்றோரின் ஆண்டு வருவாய் வரம்பு ரூ.1.5 இலட்சத்திலிருந்து ரூ.3.5 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

தேர்வு இருபகுதிகளையுடையது. மனத்திறன் தேர்வில் 90 வினாக்கள்; படிப்பறிவுத் தேர்வில் 90 வினாக்கள். ஒவ்வொன்றிற்கும் 90 நிமிடங்கள். படிப்பறிவுத் தேர்வில் அறிவியலுக்கு 35, சமூக அறிவியலுக்கு 35, கணிதத்திற்கு 20 வினாக்கள் அமைகின்றன. ஏழாம், எட்டாம் வகுப்புப் பாடங்களிலிருந்து வினாக்கள் எழுகின்றன. இதற்கு இணையாக, ஊரகப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பயில்வோர்க்குத் தமிழக அரசு நடத்தும் ஊரகத் திறனாய்வுத் தேர்வும் எட்டாம் வகுப்புப் பாடங்களை அடிப்படையாகக் கொண்டதே. அதில் தேர்வுறுவோர்க்கு ஆண்டுக்கு ரூ.1,000 வழங்கப்படுகிறது.

இங்கு ஆயத்தத்தின் இயல்பு மாறுகிறது. பருவத் தேர்வு மாணவரிடம் விளக்கம் கேட்கிறது. படம் வரையவும் காரணம் கூறவும் சொல்கிறது. படிப்புதவித் தேர்வோ ஒரு வினாவிற்குச் சராசரியாக ஒரு நிமிடம் தருகிறது. நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஆகவே பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தலும், பாடநூலின் ஒவ்வொரு பத்தியிலிருந்தும் சிறு வினாக்களை உருவாக்குதலும் இதற்கான முறைகளாயின. மாலை வேளையில் ஆசிரியர் தாமே முன்வந்து நடத்தும் சிறப்பு வகுப்பு, தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட இயலாத மாணவர்க்கு ஈடு செய்கிறது. ஆனால் கடைசிப் பேருந்தின் நேரம் அவ்வகுப்பின் நேரத்தையும் வரையறுக்கிறது. வீடு தொலைவிலுள்ள மாணவி, குறிப்பாக, அவ்வகுப்பை இழக்க நேரிடும்.

7. வட்டாரத்திலிருந்து தொடங்கும் ஆயத்தம்

பாடநூல் கூறும் பல செய்திகள் வருசநாட்டு மாணவர் நாள்தோறும் காண்பவை. காய் முற்றி வெடித்ததும் பஞ்சோடு காற்றில் பறக்கும் இலவ விதை, காற்றுவழி விதைபரவலுக்குத் தக்க சான்று. மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மணலாகும் மூல வைகை, நீர் பற்றிய பாடத்திற்கும் நிலத்தடி நீரின் இருப்பிற்கும் விளக்கம் தருகிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம், தாவரங்களையும் விலங்குகளையும் பாதுகாத்தல் என்னும் பாடத்தை ஊரின் வாழ்வியல் வினாவாகவே மாற்றியுள்ளது. மேய்ச்சலும் காட்டுநிலமும் வாழ்வாதாரமாக உள்ள இடத்தில் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லின் பொருளை மாணவர் வீட்டிலும் கேட்கின்றனர்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 முதலும், அதன் ‘துளிர்’ சிறுவர் இதழ் 1987 முதலும் வலியுறுத்தி வருவது இவ்வழியே: கண்டறிந்ததிலிருந்து கருத்திற்குச் செல்லுதல். இவ்வழியில் கற்ற மாணவர் கலைச்சொல்லைப் பொருளோடு நினைவில் வைத்திருப்பர். இலவ விதையைக் கையிலெடுத்துப் பார்த்தவர்க்கு ‘விதைபரவல்’ என்பது மனப்பாடச் சொல்லன்று. ஒரு நிமிடத்தில் விடை குறிக்க வேண்டிய தேர்விலும் அவ்வறிவு பயன்படவே செய்யும். எனவே வட்டார அறிவும் தேர்வு ஆயத்தமும் முரண்பட்டவை எனக் கருதுதல் பொருந்தாது.

8. முடிவுரை

எட்டாம் வகுப்பு அறிவியல் தேர்வு முதலில் படிப்பின் முடிவைக் குறித்தது. இன்று படிப்பைத் தொடரச் செய்யும் உதவிக்கு வழியாகியுள்ளது. இது வரவேற்கத்தக்க மாற்றம். எனினும் அனைவரையும் தேர்ச்சி பெறச் செய்யும் கொள்கையும், சிலரை மட்டும் தெரிவு செய்யும் உதவித்தொகையும் ஒரே வகுப்பறையில் அருகருகே இயங்குகின்றன. முன்னது மாணவரைப் பள்ளியில் இருத்துகிறது. பின்னது, ஆயத்தம் செய்யும் வாய்ப்பு யாருக்குக் கிட்டியதோ அவருக்கே மிகுதியும் பயன்படுகிறது.

ஆகவே உதவித்தொகையின் நோக்கம் நிறைவேற வேண்டுமாயின், ஆயத்தத்திற்கான துணையும் திட்டத்தின் பகுதியாக வேண்டும். நிரந்தர அறிவியல் ஆசிரியர், பள்ளி நேரத்திற்குள்ளேயே பயிற்சி, வட்டாரச் சான்றுகளோடு கலைச்சொற்களை விளக்கும் கையேடு ஆகிய மூன்றும் அத்துணையில் அடங்கும். இவை இல்லாதவிடத்து, 35 அறிவியல் வினாக்கள் மாணவரின் அறிவை அளப்பதோடு அவர் வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள தொலைவையும் சேர்த்தே அளக்கும் என்பது இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிபாகும்.